அல்சூரில் அம்மாவோடு ஐந்து நாள்

செப்டம்பர் 5, வியாழன்: கண்டோன்மெண்ட்

காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள். "சிட்டி வரைக்கும் போகக் கூடாது. கண்டோன்மெண்ட்ல இறங்கிடணும். அதுதான் நம்ம ஊரு. சிட்டி வேற ஊரு."

நாங்கள் இருப்பது ஆற்காட்டில். அம்மா பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். 1994இல் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, இறந்தபோது வந்ததுதான் கடைசி. ரயிலில் நாலு மணி நேரம்கூட ஆகாத ஊருக்கு முப்பது வருடமாக நாங்கள் வரவில்லை. ஜூன் மாதம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு, "இப்ப நல்லா தெரியுது, அல்சூர் வீட்டைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். எனக்குத் தெரிந்து அம்மா தனக்கென்று கேட்ட ஒரே பயணம் இது. ஓசூரில் இருக்கும் மாமாவிடம் போனில் சொன்னதற்கு, "அங்க ஒண்ணும் இருக்காது, போகாதீங்க" என்றார். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் வரவில்லை. நானும் அம்மாவும் மட்டும் கிளம்பினோம்.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் எங்கு பார்த்தாலும் தோண்டிப்போட்டுத் தகரம் அடைத்திருக்கிறார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெளியே வந்ததும் மூச்சை இழுத்துவிட்டு, "குளிரு அப்படியேதான் இருக்கு" என்றாள்.

சிட்டி வேறு ஊர் என்று அவள் சொன்னதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது உண்மை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த படையை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து 1809இல் இந்தத் தண்டை, அதாவது கண்டோன்மெண்டை, அமைத்தார்கள். படையின் பின்னாலேயே ஆற்காடு, வேலூர்ப் பக்கத்திலிருந்து சமையல்காரர், துணி வெளுப்பவர், தையற்காரர், கொத்தனார் என்று தமிழ் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். பேட்டை என்கிற பழைய சிட்டி மைசூர் மகாராஜாவுடையது, தண்டு வெள்ளைக்காரருடையது, நடுவில் கப்பன் பார்க். ஜோலார்பேட்டையிலிருந்து 1864இல் போட்ட முதல் தண்டவாளம்கூட கண்டோன்மெண்டோடுதான் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மாநகராட்சி ஆனது 1949இல். அம்மா பிறந்தது 1948. அவள் பிறந்தபோது சிட்டி நிஜமாகவே வேறு ஊர்தான்.

ஆட்டோக்காரர் அல்சூருக்கு 250 ரூபாய் கேட்டார். நான் பர்ஸைத் திறந்தேன். அதற்குள் அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், "ஏனப்பா, அல்சூருகே இன்னூரு ஐவத்தா?" என்று ஆரம்பித்தாள். பிறகு ஒரு நிமிடம் சரளமாகக் கன்னடம். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. 150க்கு ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் பின்சீட்டில் என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் குரலை இதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் லீவுக்கு வந்தபோது பேசியிருப்பாள். நான் விளையாட்டில் இருந்திருப்பேன்.

லாட்ஜில் அறைக்கு 1,400 ரூபாய். லிஃப்ட் உண்டு என்று போனில் சொன்னார்கள், ஆனால் இல்லை. அறை மூன்றாம் மாடி. 76 வயது அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டைத் தேடிப் போனோம். கதவு எண்ணெல்லாம் மாறியிருக்கிறது. சந்து முனையில் இருந்த எண்ணெய்க் கடையை வைத்துத்தான் அம்மாவுக்கு அடையாளம், அந்தக் கடையும் இல்லை. தூறல் பெருமழையாகிவிட, ஒரு சின்ன ஓட்டலில் ஒதுங்கி செட் தோசையும் சாகுவும் சாப்பிட்டோம். 70 ரூபாய்க்கு மூன்று தோசை, பஞ்சு மாதிரி. சாகுவில் இருந்த சௌசௌவை ஸ்பூனில் எடுத்துக் காட்டி, "சீமெபதனெகாயி" என்றாள் அம்மா. ஆற்காட்டில் நாங்கள் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்போம். ஆயா வீட்டுப் பின்பக்கம் பந்தலில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பெங்களூர் கத்தரிக்காயைப் பெங்களூரில் ஏன் வேறு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஏழு வயதில் நான் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா அதை இன்றைக்கு ஞாபகப்படுத்தினாள்.

செப்டம்பர் 6, வெள்ளி: தாத்தாவின் விமானம்

இன்று கௌரி ஹப்பா, கன்னடக்காரர்களின் கௌரிப் பண்டிகை. அல்சூர் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. கனகாம்பரம் முழம் 60 ரூபாய், மல்லிகை 80. வாழைக்கன்று, மாவிலை, களிமண் கௌரி, பிள்ளையார், அடுக்கடுக்காகப் புது முறங்கள். அம்மா முறங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வேண்டுமா என்று கேட்டேன். "முறம் நாமா வாங்கறதில்ல" என்று சொல்லி நடந்துவிட்டாள்.

அங்கிருந்து எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் அருங்காட்சியகம். தாத்தா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய இடம். தாத்தா 1942இல், பதினேழு வயதில் சேர்ந்தார். அப்போது உலகப் போர். அமெரிக்கப் படையின் விமானங்கள் பழுதுபார்க்க இங்கேதான் வரும். முதல் சம்பளம் வந்ததும் கடனுக்கு ஒரு சைக்கிள் வாங்கினாராம். அந்த சைக்கிளில்தான் ஓய்வு பெறும்வரை தினமும் அல்சூரிலிருந்து போய் வந்தார்.

தோட்டத்தில் விமானங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா ஒன்றிரண்டைத் தாண்டிப் போய் மாருத் முன்னால் நின்றாள். ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில் இங்கேயே வடிவமைத்த போர் விமானம். முதன்முதலாகப் பறந்தது 1961 ஜூன் 17. அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று. அன்றைக்கு ராத்திரி தாத்தா வெகு நேரம் கழித்து வந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பி ஆளுக்கு ஒரு ஜாமூன் கொடுத்திருக்கிறார். "எதுக்குன்னு சொல்லல. 'மேலே போச்சு, எறங்கிச்சு'ன்னு மட்டும் சொன்னாரு."

அம்மா கையை நீட்டி விமானத்தின் வயிற்றுப் பக்கம் தடவினாள். தொடக் கூடாது என்று அங்கிருந்த காவலர் வந்தார். அம்மா அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் நாலடி தள்ளிப் போய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு நன்றி.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எங்கப்பா ஆணி அடிச்சதுன்னு சொன்னேன்." விமானத்தின் தோல் முழுக்க ரிவெட் ஆணிகள், கோலப் புள்ளி மாதிரி ஒரே இடைவெளியில். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு அலுமினியச் சீப்பு இருக்கிறது. வேண்டாத தகட்டுத் துண்டில் தாத்தா ஒவ்வொரு பல்லாக அரத்தால் தேய்த்துச் செய்தது. அம்மா கல்யாணமாகி ஆற்காட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களில் அது ஒன்று. எனக்கு அதில்தான் தலை வாருவாள், பல் குத்தும், நான் கத்துவேன்.

திரும்பும் வழியில் ஃபிரேசர் டவுன். இது தாத்தாவின் அப்பா கதை. 1898இல் ரயில் வழியாக பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. நெருக்கமான சந்துகளில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதன் பிறகுதான் சிட்டிப் பக்கம் மல்லேஸ்வரமும் பசவனகுடியும், தண்டுப் பக்கம் ஃபிரேசர் டவுனும் காற்றோட்டமாக வளர்ந்தன. ஃபிரேசர் டவுன் எலி நுழையாதபடி உயர்ந்த அஸ்திவாரத்தோடு, பிளேக் வராத ஊராக இருக்க வேண்டும் என்று திட்டமிட்ட இடம். மைசூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக, இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர். அந்த வேலைக்குத்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்தார். கோல்ஸ் பார்க் பக்கம் நடந்தோம். பெரும்பாலும் அடுக்குமாடிகள். ஒரு தெருவில் மட்டும் ஓட்டுக் கூரை, மரத் தட்டி முகப்பு, வாசலுக்கு ஏற ஆறு கல்படி. எந்த வீட்டில் அவர் கை பட்டது என்று சொல்ல வழியில்லை. அந்தப் படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

செப்டம்பர் 7, சனி: முறம்

விநாயகர் சதுர்த்தி. காலையிலேயே சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். விஜயநகரக் காலத்துக் கோபுரம். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய கோயில். தூண்களில் ராவணன் கைலாயத்தைத் தூக்குகிறான், மகிஷனை துர்க்கை வதம் செய்கிறாள். லீவில் ஆயா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ராவணனின் தலைகளை எண்ணச் சொல்வாள். அம்மா கோயில் வாசலிலிருந்து கிழக்கே பார்த்து நின்றாள். பிறகு, "இங்கருந்து எனக்குத் தெரியும். வா" என்றாள்.

பள்ளிக்கூடம் போன வழியைக் கால் ஞாபகம் வைத்திருந்தது. இரண்டு திருப்பம், ஒரு முனீஸ்வரன் கல், அப்புறம் எங்கள் சந்து.

வீடு இல்லை. நாலு மாடிக் கட்டடம், வாடகைக்கு இளைஞர்கள் தங்கும் விடுதி. பால்கனிகளில் ஜீன்ஸ் காய்கிறது. காவலர் வடநாட்டுக்காரர். அம்மா அவரிடம் தண்டு உருதுவில் பேசினாள். எனக்குத் தெரியாத இன்னொரு அம்மா. அவர் எங்களை உள்ளே விட்டார். சௌசௌப் பந்தல் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. கிணறு இருந்த இடத்தில் பைக்குகள். வெளியே வரும்போது வாசல்படியைப் பார்த்துவிட்டு அம்மா சட்டென்று குனிந்தாள். படியாகப் போட்டிருந்தது எங்கள் துணி துவைக்கும் கல். ஒரு மூலை உடைந்து, நடுவில் குழிந்திருந்தது. அந்த மூலையை உடைத்தது மாமா, சின்ன வயதில், இரும்புக் குண்டைப் போட்டு. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அதன்மேல் வைத்தாள். நான் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

எதிர் வீடு மட்டும் பழைய வீடு. அதை நாங்கள் பால்காரர் வீடு என்போம். கன்னடக்காரர்கள், ஆறு மாடு வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்று ஒன்றும் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரு பேகித்து?" என்றார். அம்மா சிரித்தாள். அவ்வளவுதான். அந்த அம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அய்யோ, நீனேனே!" என்று ஓடிவந்து அம்மாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. புருஷன் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன அவர், அப்பா இறந்தபின் தாய் வீட்டையே பார்த்துக்கொள்ள வந்துவிட்டாராம்.

கடுபு கொடுத்தார்கள். நம் கொழுக்கட்டைதான், ஆனால் தேங்காய்ப் பூரணத்தில் எள்ளும் கசகசாவும் போட்டிருந்தது. நான் எட்டு சாப்பிட்டேன். அவர் என்னிடம் தமிழில், அம்மாவிடம் கன்னடத்தில், மருமகளிடம் இரண்டும் கலந்து பேசினார்.

அப்போதுதான் 1991 பற்றிப் பேச்சு வந்தது. அந்த டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள்மேல் கலவரம் நடந்தது. ஆயா எதிர் வீட்டில் மூன்று ராத்திரி இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். அந்த அம்மாள் சொன்னார்: "அப்பா தான் வாசப்படிலே உக்காந்துக்கிட்டார். மூணு ராத்திரி தூங்கலே. உங்க ஆயா சும்மா இருக்கலே, எங்க மாட்டுக்கெல்லாம் தவிடு வெச்சுக்கிட்டே இருந்தா. நாலாம் நாள் காலைலே பார்த்தா, தன் வீட்டு வாசல்லே கோலம் போட்டுக்கிட்டிருக்கா." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுக்கப்புறமும் நீங்க போயிட்டீங்களே" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். ஆயா போன மறு வருடம் மாமா வீட்டை விற்றுவிட்டு ஓசூர் போய்விட்டார். அம்மாவிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை.

கிளம்பும்போது இருக்கச் சொல்லி உள்ளே போனார். வரும்போது கையில் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு புது முறங்கள். பாகினம். கௌரி ஹப்பாவுக்குத் தாய் வீட்டிலிருந்து கல்யாணமான பெண்களுக்குக் கொடுப்பது. உள்ளே அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், மஞ்சள் குங்குமம், கண்ணாடி வளையல், கருகமணி, ரவிக்கைத் துணி, ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு சீப்பு. முந்தின நாளே கொடுக்க வேண்டியது, ஆனால் பிள்ளையார் வீட்டில் இருக்கும்வரை கௌரியும் இருக்கிறாள், பரவாயில்லை என்றார். "நினகே தவரு மனெ இது" என்றார். உனக்குப் பிறந்த வீடு இதுதான் என்று அர்த்தம். புடவைத் தலைப்பால் முறத்தை மூடிக்கொண்டு அம்மா அதை வாங்கினாள். முறம் நாமாக வாங்குவதில்லை என்று அவள் நேற்று சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரை. தமட்டைச் சத்தத்தோடு பிள்ளையார்களை லாரியில் கொண்டுவந்து கரைத்துக்கொண்டிருந்தார்கள். அருகே மைதானத்துப் பக்கம் திருவள்ளுவர் சிலை. 1991இல் வைத்து, திறக்க முடியாமல் பதினெட்டு வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று கலைஞர் திறந்துவைத்த சிலை. ஆயா காரியத்துக்கு வந்தபோது அதைச் சாக்கு சுற்றித்தான் பார்த்தேன். முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அந்த மைதானத்துக்கு 1873இல் தொடங்கிய ஒரு பள்ளியின் பெயர். தொடங்கியவர் பெயர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். எங்கள் ஊர்ப் பெயர் இந்தத் தண்டில் 150 வருடமாக இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு: மாதா

சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. நாங்கள் இந்துக்கள், ஆனால் ஆயா ஒரு வருடம்கூட இதை விட்டதில்லை. வயலும் தோப்புமாக இருந்த காலத்தில் செஞ்சியிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிபட்ட இடம். இப்போதுள்ள கோபுரக் கோயில் 1882இல் கட்டி முடித்தது. காவிப் புடவை கட்டிய பெண்கள் சாரிசாரியாக நடந்து வருகிறார்கள். பூசை தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மாறிமாறி நடக்கிறது. மெழுகுவர்த்தி 20 ரூபாய்.

நெரிசலில் என் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, பூக்கடையில் இருந்த ஒரு பர்தா போட்ட பெண் கூடையிலிருந்து ஊசி நூல் எடுத்து, அங்கேயே உட்காரவைத்துத் தைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மதியம் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் குஸ்கா, 90 ரூபாய், தொட்டுக்கொள்ளத் தால்சா. ஆம்பூரில் கிடைப்பதைவிடக் காரம் குறைவு. தேர் பார்க்க அம்மாவுக்குத் தெம்பில்லை. லாட்ஜ் படிகள் இன்றைக்கு அவளை ரொம்பவே வாட்டின.

செப்டம்பர் 9, திங்கள்: காட்பாடி

ரயிலில் பாகினத்தை மேலே வைக்க அம்மா விடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். பங்காரப்பேட்டை வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோலார் தங்க வயல் ஜனங்கள் இங்கேதான் ரயில் மாறுவார்கள், தங்கவயல் பெண்கள் புடவை கட்டும் அழகே தனி என்றாள். குப்பம் தாண்டியதும் வெயில் சுட்டது. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். மூன்று மணி நேரத்தில் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய அம்மாவாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்பாடியில் அப்பா வந்திருந்தார், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. வர வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னேன். அம்மா முறத்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி அவர் முன்னால் நின்று, "ஊட்ட ஆய்த்தா?" என்று சாப்பாட்டைக் கேட்டாள்.

"ஆய்த்து. நிந்தாய்த்தா?" என்றார் அப்பா.

அப்பா கன்னடம் பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. இருவரும் எனக்காக நிற்காமல் படிக்கட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். நான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.